அரியலூர்ச் சிப்பிகளுக்குப் பெயர் வைத்தவர்: லடாக் மலையில் முடிந்த 36 வருட வாழ்க்கை!

கயத்தாறு பக்கம் புதுசா வீடு கட்டுறீங்கன்னு வச்சுக்குவோம். வாசல்ல சிமென்ட் மூட்டை வந்து இறங்குது. அது அரியலூர் ஆலையில் இருந்து வந்த மூட்டையா இருந்தா, உங்க வீட்டுச் சுவருக்குள்ள கொஞ்சம் கடலும் சேர்ந்து போகுதுன்னு அர்த்தம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடலில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல். அதைப் பொடித்துச் சூளையில் சுட்டுத்தான் சிமென்ட் ஆகிறது.

அந்தச் சிப்பிகளுக்கும், அவற்றோடு கிடக்கும் நத்தைகளுக்கும், பவளங்களுக்கும், புழுக்கூடுகளுக்கும் பெயர் உண்டு. இது இன்ன இனம், இன்ன குடும்பம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் வரைய வைத்து, புத்தகமாக்கி வைத்தவர் ஒரு வனக்காப்பாளரின் மகன். ஐரோப்பாவில் பிறந்தவர். 24 வயதில் கல்கத்தாவுக்கு வந்தவர். 36 வயதில், லடாக்கின் பனிக்காட்டுக்கு நடுவே ஒரு கூடாரத்தில் இறந்தவர். அவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா.

உலகத்தில் தொல்லுயிர் படிக்கிற எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். அவர் ஆயுளில் பெரும் பங்கை எடுத்துக்கொண்ட கற்கள் கிடந்த தமிழ்நாட்டில்தான் அதிகம் பேருக்குத் தெரியாது.

காட்டு வீட்டில் பிறந்த பையன்

1838 ஜூன் 7. இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதியான மொராவியாவில், க்ரொமியர்ஷிஷ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார் ஸ்டொலிச்கா. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்ட நாடு. அப்பாவுக்கு ஓலமுட்ஸ் பேராயரின் காடுகளைக் காவல் காக்கிற வேலை. வீடே காட்டுக்குள். பூச்சியும் பறவையும் பாம்பும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்த உயிரும் அந்நியமாகத் தெரியவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை.

பள்ளிப்படிப்பு க்ரொமியர்ஷிஷில். மேல்படிப்பு வியன்னாவில். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் எடுவார்ட் சூயஸ். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன என்று சொல்லும்போது கோண்ட்வானா நிலம் என்கிறோமே, அந்தப் பெயரைப் பிற்காலத்தில் உலகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1861-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் ஸ்டொலிச்காவுக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. ஆஸ்திரிய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலையும் கிடைத்தது.

சொந்த நாட்டிலேயே நல்ல வேலை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கல்கத்தாவில் இருந்து அழைப்பு வந்தது. 1862 கடைசியில் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

நிலக்கரி தேட வந்த துறை

அழைத்தது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. 1851-ல் தொடங்கியது. தொடங்கியவர் தாமஸ் ஓல்டாம் என்ற ஐரிஷ்காரர். அரசுக்கு வேண்டியிருந்தது நிலக்கரி. நீராவிக் கப்பலுக்கும் புதிதாக வந்த ரயிலுக்கும் கரி எங்கே கிடைக்கும் என்று பார்க்கத்தான் அந்தத் துறையே. ஓல்டாமின் மனசு அதோடு நிற்கவில்லை. எந்தப் பாறை முந்தியது, எது பிந்தியது என்று தெரியாமல் எந்தக் கனிமத்தையும் ஒழுங்காகத் தேட முடியாது. பாறையின் வயதைச் சொல்ல அந்தக் காலத்தில் இருந்த நல்ல சாட்சி, அதற்குள் கிடக்கிற தொல்லுயிர்தான். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

திருச்சி, அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதியில் கடல்சிப்பிகள் கல்லாகக் கிடக்கின்றன என்ற சேதி 1840-களிலேயே லண்டனுக்குப் போய்விட்டது. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பொறுக்கி அனுப்பிய சிப்பிகளைப் பார்த்து, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்ஃபோர்டும் உடன் இருந்தவர்களும் அந்த நிலத்தை நடந்தே அளந்தார்கள். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம்ம ஊர்ப் பெயர்களையே வைத்து அந்தப் பாறைகளை மூன்று பெரும் பிரிவாகப் பிரித்தவர் பிளான்ஃபோர்டு. இன்றைக்கும் அந்தப் பெயர்களை நிலவியலாளர்கள் மறக்கவில்லை. இதே பிளான்ஃபோர்டுதான் பிறகு 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர்.

மூன்று வருடத்தில் சேர்ந்த கற்கள் பெட்டி பெட்டியாகக் கல்கத்தா போயின. பிளான்ஃபோர்டு முதல் சில இனங்களை எழுதிவிட்டு 1862-ல் துறையை விட்டுக் கல்லூரிப் பேராசிரியராகப் போய்விட்டார். பெட்டிகள் காத்திருந்தன. அந்த நேரத்தில்தான் 24 வயது ஸ்டொலிச்கா வந்து இறங்கினார்.

கரிசல் ஒன்றுதான், கதை வேறு

இங்கே ஒரு சந்தேகம் வரும். கரிசல் நம்ம பக்கமும்தானே இருக்கு? கயத்தாறு, கடம்பூர், கோவில்பட்டி எல்லாம் கரிசல்தானே? இங்கே ஏன் கடல்சிப்பி கிடைக்கலை?

மண்ணின் நிறம் ஒன்றாக இருந்தாலும் கீழே இருக்கிற பாறை ஒன்றல்ல. கயத்தாறு பக்கம் காற்றாலைக்கோ கிணற்றுக்கோ குழி தோண்டினால், மேலே கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறை பூமியின் மிகப் பழைய பாறைகளில் சேர்ந்தது. ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறியது. உயிரின் தடம் அதில் நிற்காது. சுக்கான் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, ஆனால் அது மண்ணுக்குள் தண்ணீர் இறங்கி ஏறி, காய்ந்து உறைந்த சுண்ணாம்பு. கடல் தந்தது அல்ல.

அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால் அரியலூர். அங்கேயும் வயலில் கரிசல் உண்டு. ஆனால் அடியில் இருப்பது கடல் படிவு. சுமார் 11 கோடி வருடம் முன்பில் இருந்து 6.6 கோடி வருடம் முன்பு வரை, டைனோசர்கள் நிலத்தில் திரிந்த காலத்தில், கடல் உள்ளே வந்து, பின்வாங்கி, மறுபடி வந்த இடம் அது. காரை கிராமத்துப் பக்கம் மழை அரித்த களிமண் மேடுகளில் அந்தக் கடலின் எச்சம் இன்றைக்கும் வெளியே தெரியும். பக்கத்தில் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது. கருடமங்கலத்தில் நத்தை ஓடுகள் நெருக்கி அடைத்த சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி அழகுப் பொருள் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கடலின் மொத்தக் குடும்பத்தையும் காகிதத்தில் எழுப்புவதுதான் ஸ்டொலிச்காவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

பத்து வருடம், நான்கு தொகுதி

முதலில் அம்மோனைட். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான கடல் உயிர். பூஜை அறையில் வைக்கிற சாளக்கிராமத்தின் உள்ளே சக்கரம் தெரியுமே, அது இந்த வகையின் தடம்தான். 1863-ல் தொடங்கி 1866-க்குள் அதை முடித்தார். 1867, 68-ல் நத்தைகள், சுமார் ஐந்நூறு பக்கம். 1870, 71-ல் சிப்பிகள், 537 பக்கம், 50 முழுப்பக்கப் படங்கள். 1872, 73-ல் விளக்குச் சிப்பிகள், பாசி உயிர்கள், கடல் முள்ளெலிகள், பவளங்கள், கடற்பஞ்சுகள், புழு போன்ற கணுவுடல் உயிர்கள் என்று மிச்சம் இருந்த எல்லாம்.

சிப்பித் தொகுதியில் அவர் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. அரியலூர்ச் சிப்பியை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று பார்க்கப் போனவருக்கு, அந்தப் பேரினங்களின் பட்டியலே குழப்பமாக இருப்பது தெரிந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர். ஒரே சிப்பிக்கு ஊருக்கு ஒரு பெயர். ஆகவே உலகத்தில் அதுவரை தெரிந்த எல்லாச் சிப்பிப் பேரினங்களையும், உயிரோடு இருப்பதும் அழிந்ததும் சேர்த்து, முதலில் இருந்து சரிபார்த்தார். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு! நம்ம ஊர்ச் சிப்பிக்கு இடம் தேடப் போய் உலகச் சிப்பிக்கெல்லாம் வீடு ஒழுங்கு பண்ணிக் கொடுத்தார் என்றே சொல்லலாம்.

ஓடு மட்டும் மிஞ்சினால்?

இந்த வேலையில் எங்கே சிக்கல் என்று கேட்கலாம். சிப்பி சிப்பிதானே, நத்தை நத்தைதானே?

அப்படி இல்லை. உயிர் செத்தால் சதை அழுகிவிடும். மிஞ்சுவது ஓடு. சதையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஓட்டை மட்டும் வைத்துச் சொல்வதுதான் பாடு.

அரியலூர்ப் பாறைகளிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. சில கடல்புழுக்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழும். செர்புலா வகைப் புழுக்கள் அவை. தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் கிடக்கிற சிப்பியின் முதுகிலும் வெள்ளையாக, வளைந்து வளைந்து கோடு போட்ட மாதிரி ஒட்டியிருக்குமே, அதில் பெரும்பாலும் இந்தப் புழுவின் வீடு இருக்கும். ஆனால் நத்தையிலும் ஒரு வகை, சுருளாமல் குழாய் மாதிரியே வளர்ந்து பாறையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். நத்தைக் குழாயின் உட்பக்கம் பளபளக்கும், சுவரில் மூன்று அடுக்கு இருக்கும். புழுக் குழாயின் உட்பக்கம் மங்கல், அடுக்கு இரண்டுதான். நத்தையாக இருந்தால் நுனியில் குஞ்சுப் பருவத்துச் சின்னச் சுருளும் இருக்கும். கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்து, பளபளப்பு போய், நுனியும் ஒடிந்த துண்டு ஒன்று மேசைக்கு வந்தால் என்ன செய்வது?

இதைவிடப் பெரிய சிக்கல் அதே நேரத்தில் ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டொலிச்காவின் சொந்த நாட்டுப் பக்கமே, பிராக் நகரில், ஜோக்கிம் பாராந்த் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மிகப் பழைய கடல் பாறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அரியலூர்க் கடலைவிட நாலு மடங்கு பழையவை அந்தப் பாறைகள். அவற்றில் விரல்நகம் அளவில், குறுக்கே வரி ஓடிய சின்னச் சின்னத் தகடுகள் கிடைத்தன. 1872-ல் அவற்றுக்கு ப்ளூமுலைட்டிஸ் என்று பெயர் வைத்த பாராந்த், படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசுக்கு உறவு என்று சேர்த்தார். அதே மாதிரித் தகடுகளை 1857-ல் ஒருவர், பாறையில் ஒட்டி வாழும் எட்டு ஓட்டுச் சைட்டன் என்று எழுதியிருந்தார். 1865-ல் இன்னொருவர் கொட்டலசு என்றார். 1926-ல் லண்டன் அருங்காட்சியகத்தின் தாமஸ் விதர்ஸ், எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகத் தொகுத்து, நட்சத்திரமீன் குடும்பத்துப் பக்கம் கொண்டுபோனார்.

சதை எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே எவர் சொன்னதையும் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

2008-ல்தான் விடை வந்தது. மொரோக்கோ நாட்டில், சுமார் 48 கோடி வருடப் பாறையில், தகடுகள் முதுகில் இருந்த இடத்திலேயே இருக்க, உடம்பின் தடமும் பதிந்த ஒரு மாதிரி கிடைத்தது. பக்கவாட்டில் கணுவுக்குக் கணு கால் போன்ற புடைப்பு. அதில் கொத்துக் கொத்தாக ரோமம். அது புழு! மண்புழுவுக்கும் அட்டைக்கும் தூரத்துச் சொந்தமான கடல் வளையப்புழு, முதுகில் கவசம் போட்டுக்கொண்டு ஊர்ந்திருக்கிறது. 2019-ல் அதன் தாடைகளும் தெரிய வந்து, இன்றைக்கு வாழும் செதில்புழுக்களுக்கு நெருங்கிய உறவு என்று உறுதியானது. பாராந்த் பெயர் வைத்து 136 வருடம் கழித்துத்தான் முதல் விடை.

இந்தக் கவசப்புழுக்கள் அழிந்து பல கோடி வருடம் கழித்துத்தான் அரியலூர்க் கடலே வந்தது. அதனால் அவை ஸ்டொலிச்காவின் மேசைக்கு வர வழியில்லை. ஆனால் அவர் மேசையில் தினமும் இருந்த கேள்வி அதேதான். கூடு மட்டும் இருக்கிறது, குடியிருந்தவர் யார்?

கல் படித்தவர் ஏன் உயிர்நத்தை பிடித்தார்?

இந்தக் கேள்விக்கு அவர் கண்ட வழிதான் அவரைத் தனியாகக் காட்டுகிறது. செத்த ஓட்டைப் புரிந்துகொள்ள, உயிரோடு இருக்கிற ஓட்டுக்காரர்களிடம் போனார்.

கல்கத்தாவைச் சுற்றிய சேறு, பர்மாவின் காடு, பினாங்கு மலை, அந்தமான், நிக்கோபார் என்று போன இடமெல்லாம் நத்தை பிடித்தார். ஓட்டை எடுத்துப் பெட்டியில் போடுவதோடு நிற்காமல், உள்ளே இருக்கிற உடம்பை அறுத்துப் பார்த்து, பல் எப்படி, குடல் எப்படி என்று எழுதினார். பினாங்குத் தரைநத்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் ஓட்டின் விவரத்தோடு உடற்கூறும் சேர்ந்தே இருக்கும். எந்தச் சதைக்கு எந்த ஓடு, ஓட்டில் இந்த மேடு இருந்தால் உள்ளே எந்தத் தசை என்று உயிரோடு இருப்பதில் கற்றுக்கொண்டால்தானே, கல்லில் அந்த மேட்டைப் பார்த்ததும் உள்ளே இருந்தவரை ஊகிக்க முடியும்?

நத்தையோடு நிற்கவும் இல்லை. பாம்பு, பல்லி, சிலந்தி, பறவை, எலி என்று எல்லாவற்றையும் எழுதினார். வங்க ஆசியச் சங்கத்தின் இயற்கை வரலாற்றுச் செயலாளராகவும் இருந்தார். சம்பளத்துக்கு அரியலூர்க் கற்கள், மனசுக்கு மற்ற எல்லாம். இதற்கு நடுவே 1871, 72-ல் குஜராத்தின் கச்சுப் பகுதிக்குப் போய், அங்குள்ள பாறைகளைப் பச்சம், சாரி, கட்ரோல், உமியா என்று நாலாகப் பிரித்துவிட்டு வந்தார். மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற பிரிவு அது.

இவ்வளவையும் ஒரே உடம்பு பார்த்தது. அதற்கும் ஓர் அளவு உண்டல்லவா?

மலை இரண்டு முறை எச்சரித்தது

மொராவியாக் காட்டில் வளர்ந்தவருக்கு மலை என்றால் ஆசை. 1864-ல் சக ஆய்வாளர் மாலெட்டுடன் இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனார். மறுவருடமும் ஸ்பிதி, ருப்ஷு, லடாக் என்று அலைந்தார். இமயத்தின் பாறை அடுக்குகளை முறையாகப் பிரித்துக் காட்டிய முதல் வேலைகளில் அவருடையதும் ஒன்று. அம்மோனைட் நிறைந்த கருப்புக் களிப்பாறைக்கு ஸ்பிதி என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். ஆனால் இரண்டாம் பயணம் அவரை நோயில் தள்ளியது.

எட்டு வருடம் கழிந்தது. அரியலூர் வேலையும் 1873-ல் முடிந்தது. மேசை காலியானது. அப்போது டக்ளஸ் ஃபோர்சித் தலைமையில் யார்க்கண்டுக்கு அரசு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. இன்றைய சீனாவின் மேற்கு ஓரம் அது. அன்றைக்கு யாகூப் பெக் என்ற தனி ஆட்சியாளரின் கையில் இருந்தது. ரஷ்யா ஒரு பக்கம் நெருங்க, பிரிட்டிஷாருக்கு அங்கே வணிக உறவு வேண்டியிருந்தது. குழுவில் இயற்கை ஆய்வாளர் ஒருவரும் தேவைப்பட்டார். ஸ்டொலிச்கா கிளம்பினார்.

ராவல்பிண்டியில் இருந்து காஷ்மீர், லே வழியாகக் காரகோரம் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். போகிற வழியிலேயே கடும் நோயில் விழுந்தார். இது இரண்டாம் எச்சரிக்கை. திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் தேறியதும் அவர் மறுபடி குறிப்பேட்டை எடுத்தார். காஷ்கர் போனார். குளிர்காலத்தில் அதற்கும் வடக்கே தியான்ஷான் மலைப் பக்கம் போய் வந்தார். 1874 வசந்தத்தில் சிலரோடு பாமீர் பீடபூமியைக் கடந்து வாக்கான் வரை சென்றார். பாறை, பறவை, எலி, செடி, சிலந்தி என்று சேகரிப்பு வளர்ந்துகொண்டே போனது.

1874 ஜூன். திரும்பும் வழியில் சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் காரகோரம் கணவாயைத் தாண்டினார்கள். தலைவலி பிளந்தது. மூச்சு முட்டியது. உயரமலை நோய் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிகுறிகள். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. சீக்கிரம் கீழே இறங்குவதுதான் ஒரே வழி. அந்தப் பாதையில் சீக்கிரம் இறங்கவும் முடியாது. அந்த நிலையிலும் வழியில் கண்ட பாறைகளைக் குறிப்பு எழுதுவதை அவர் விடவில்லை.

லேவுக்கு இன்னும் பல நாள் பயணம் இருக்கும்போதே, முர்கோ என்ற இடத்தில், ஜூன் 19 அன்று உயிர் பிரிந்தது. 36 வயது முடிந்து 12 நாள் ஆகியிருந்தது. உடன் வந்தவர்கள் உடலை லேவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அரசு அங்கே ஒரு நினைவுக்கல் எழுப்பியது.

பெயர் மாறியது, கல் மாறவில்லை

அவர் சேகரித்தவை ஊர் வந்து சேர்ந்தன. 1878-ல் இருந்து பல வருடங்கள், பல அறிஞர்கள் ஆளுக்கு ஒரு பகுதியாக எடுத்து, அவர் குறிப்புகளை வைத்தே யார்க்கண்ட் பயணத்தின் அறிவியல் முடிவுகளை வெளியிட்டார்கள். நண்பர்கள் அவர் பெயரை உயிர்களுக்கு வைத்தார்கள். வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்துப் பறவை ஒன்றுக்கு ஸ்டொலிச்காவின் புதர்ச்சிட்டு என்று பெயர். ஒரு மலை எலி, ஒரு வௌவால், ஒரு பாம்புப் பேரினம் இவற்றிலும் அவர் இருக்கிறார். 1875-ல் ஒரு அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டொலிச்காயா என்று பெயர் சூட்டினார்கள். அந்த அம்மோனைட் ஊட்டத்தூர்ப் பாறைகளிலும் கிடைக்கிறது. லடாக்கில் புதைந்தவரின் பெயர், நம்ம ஊர்க் களிமண்ணில் கல்லாகவே கிடக்கிறது!

அவர் வைத்த பெயர்கள் எல்லாம் அப்படியே நிலைத்தனவா? இல்லை. 1895 முதல் 98 வரை ஃப்ரான்ஸ் கோஸ்மட் என்ற ஆஸ்திரியர் தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்து பலவற்றை வேறு பேரினங்களுக்கு மாற்றினார். பிறகு ஜப்பானியர், ஆங்கிலேயர், நம்ம இந்திய ஆய்வாளர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். சிப்பி, நத்தைகளின் கதையும் அதேதான்.

இது அவருக்குக் குறைவா? கவசப்புழுவை நினைத்துப் பாருங்கள். பாராந்த் சேர்த்த குடும்பம் தவறு. ஆனால் அவர் தகடுகளைப் பத்திரமாக வைத்து, படமும் போட்டு, எந்த ஊர்ப் பாறை என்றும் எழுதி வைத்ததால்தான், மொரோக்கோப் புழு கிடைத்தபோது இது அதுதான் என்று ஒப்பிட முடிந்தது. ஸ்டொலிச்காவும் அதையே செய்தார். ஒவ்வொரு கல்லுக்கும் படம், அளவு, எந்த ஊர், எந்தப் பாறைப் பிரிவு. அந்தக் கற்கள் இன்றைக்கும் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் இருக்கின்றன. அவரைத் திருத்த வருகிறவர்களும் முதலில் அவர் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும். திருத்த இடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலில் பெரிய நேர்மை.

பிள்ளைகளோடு போறீங்களா?

லீவுல எங்க போறதுன்னு யோசிக்கிறவங்க ஒரு தடவை அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போய் வரலாம். சாத்தனூர் கல்மரப் பூங்காவும், வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காரை மேடுகளில் நடந்தால் காலடியிலேயே கடல் தெரியும். காலை வேளையில் போங்க, தண்ணீர் எடுத்துக்கோங்க. அங்கே நிழல் கிடையாது.

சிப்பிக்கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். வீட்டு அலமாரிக்கு வந்த கல் கொஞ்ச நாளில் எந்த ஊர்க் கல் என்றே மறந்துபோகும். எங்கே கிடந்தது என்று தெரியாத கல், முகவரி இல்லாத கடிதம் மாதிரி. யாருக்கும் பயன்படாது. இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வையுங்கள். இடமும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் அருங்காட்சியகத்திலோ கல்லூரியின் நிலவியல் துறையிலோ காட்டுங்கள்.

சுண்ணாம்புக்கல் வெட்ட வெட்ட, அந்தப் பழைய கடலின் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சூளைக்குள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. வீடு கட்ட சிமென்ட் வேண்டும், அதை மறுக்க முடியாது. அந்தச் சுவருக்குள் போகிற சிப்பியின் பெயரையாவது தெரிந்து வைத்திருக்கலாம். அதை எழுதி வைத்துவிட்டுத்தான் ஒருவர் லேவில் தூங்குகிறார்.